டெஃப் எச்சரிக்கைக்கு டீலர் போட்ட பில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீசல் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதில் பாதி இந்த ஒரு விஷயம்தான். டேஷ்போர்டில் டெஃப் எச்சரிக்கை வந்தது, டீலரிடம் விட்டேன், பெரிய பில்லை நீட்டிவிட்டார்கள், இதைக் கட்டத்தான் வேண்டுமா? எனக்கும் இது நடந்தது. டேங்கைக் கழுவி, தர சென்சாரை மாற்றியதாக ஒரு பில் வந்தது, இரண்டு மாதம் எழுதி எழுதி அதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கினேன். அதிலிருந்து, தெரிந்தவர் தெரியாதவர் என்று எல்லோரும் பில்லைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறார்கள். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன்.

டெஃப்னா என்ன? ஆட்ப்ளூன்னு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணா?

ஒன்றுதான். 32.5 சதவீதம் தூய யூரியா, மீதி தாது உப்பு நீக்கிய தண்ணீர். அவ்வளவே. ஆட்ப்ளூ என்பது ஜெர்மன் வாகனத் தொழில் சங்கத்தின் பதிவு செய்த வணிகப் பெயர், டெஃப் என்பது பொதுப் பெயர். இரண்டுக்கும் தர அளவுகோல் ஒன்றே: ஐஎஸ்ஓ 22241.

இது டீசலோடு கலப்பதில்லை, தனி டேங்க். புகைக்குழாயில் வினையூக்கிக்கு (கேட்டலிஸ்ட்) முன்னால் ஒரு இன்ஜெக்டர் இதைப் பீய்ச்சும். சூட்டில் யூரியா உடைந்து அம்மோனியா ஆகும், அந்த அம்மோனியா வினையூக்கியில் நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றும். டேங்க், பம்ப், ஹீட்டர், அளவு சென்சார், இன்ஜெக்டர், வினையூக்கி, அதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நாக்ஸ் சென்சார் (நைட்ரஜன் ஆக்சைடை அளப்பது) என்று ஒரு வரிசையே இருக்கிறது. எச்சரிக்கை விளக்கு இதில் எதனால் வேண்டுமானாலும் எரியலாம். பில் தகராறு எல்லாம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, ஏனென்றால் இந்த வரிசையில் எது கெட்டது என்று சோதித்துப் பார்க்காமலேயே ஒன்றை மாற்றிவிட முடியும்.

வார்னிங் வந்தாலே ரிப்பேர்தானா?

இல்லை. திரையில் வந்த வாசகத்தைச் சரியாகப் படியுங்கள், முடிந்தால் படம் எடுத்து வையுங்கள். அளவு குறைவு என்று வந்தால் ஊற்ற வேண்டியதுதான், ரிப்பேர் கிடையாது. தரம் சரியில்லை என்று வந்தால் கரைசல் கெட்டிருக்கலாம், சென்சாரும் கெட்டிருக்கலாம். சிஸ்டம் கோளாறு அல்லது மாசு அளவு மீறல் என்று வந்தால் பம்ப், இன்ஜெக்டர், நாக்ஸ் சென்சார், ஒயரிங், புகைக்குழாய்க் கசிவு என்று பட்டியல் நீளும். பேட்டரி சோர்ந்து மின்னழுத்தம் குறைந்தால்கூடச் சில வண்டிகளில் இந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டி தப்பான கோடு (கோளாறைக் குறிக்கும் குறியீடு) போடும்.

டீலரிடம் போகும்போது "டெஃப் லைட் எரியுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். திரையில் வந்த வாசகத்தை அப்படியே ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது போடும் வேலைச் சீட்டு) எழுதச் சொல்லுங்கள். பின்னால் தகராறு வந்தால் முதல் சாட்சி அந்த வரி.

நானே டாப்-அப் பண்ணிட்டேன், அப்பவும் வார்னிங் போகலை. சென்சார் போயிடுச்சுங்கிறாங்க. நம்பலாமா?

உடனே நம்ப வேண்டாம். பல வண்டிகளில் ஒரு குறைந்தபட்ச அளவாவது ஊற்றினால்தான் சென்சார் அதைக் கணக்கில் எடுக்கும், ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் ஊற்றினால் கண்டுகொள்ளாது. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று உரிமையாளர் கையேட்டில் இருக்கும். ஊற்றிய பிறகு இக்னிஷனைப் போட்டுச் சிறிது நேரம் விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் சில வண்டிகளில் காட்டி மாறும். குளிர்ப் பிரதேசம் என்றால் இன்னொன்றும் உண்டு: டெஃப் மைனஸ் 11 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும், உறைந்த டேங்கில் புதிதாக ஊற்றியதைச் சென்சார் பார்க்காது.

இதையெல்லாம் தாண்டியும் விளக்கு எரிந்தால் சென்சார் கெட்டிருக்க வாய்ப்பு உண்டுதான். அப்போதும் "எந்த அளவைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது, வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் அளவு என்ன காட்டுகிறது என்பது ஒரு நிமிட வேலை, பிரிண்ட் எடுத்துத் தரலாம்.

இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான்னு கவுண்ட்டவுன் ஓடுது. அந்தப் பயத்துல டீலர் சொன்னதுக்கெல்லாம் ஓகே சொல்லிட்டேன்…

இது உங்கள் தப்பு இல்லை, இந்த ஏற்பாடே ஓட்டுநரை அவசரப்படுத்தத்தான் வைத்திருக்கிறார்கள். மாசுக்கட்டுப்பாடு வேலை செய்யாமல் வண்டி ஓடிக்கொண்டே இருக்கக்கூடாது என்பது சட்டத்தின் நோக்கம். சில வண்டிகள் வேகத்தைக் குறைக்கும், சில வண்டிகள் கணக்கு பூஜ்யமானதும் ஒருமுறை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை நடுவழியில் அணைப்பதில்லை.

முக்கியமானது என்னவென்றால், எண்ணிக்கை இன்னும் நூற்றுக்கணக்கில் இருந்தால் இரண்டாவது கருத்து கேட்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. வேறு பட்டறையில் ஸ்கேன் மட்டும் செய்து, கோடுகளையும் நேரடி அளவுகளையும் வாங்கிக்கொண்டு அப்புறம் டீலரிடம் போங்கள். கோடை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள், அழித்தால் உங்களுக்கான ஆதாரமும் அதோடு போய்விடும்.

ஒண்ணுமே ரிப்பேர் பண்ணலை, செக் பண்ணதுக்கு மட்டும் சார்ஜ். இதையும் மறுக்கலாமா?

சோதித்தது உண்மையென்றால் அந்தக் கூலி நியாயமானதுதான். மெக்கானிக்கின் நேரத்துக்குக் காசு உண்டு. முன்பே சொல்லாமல் போட்டார்களா, அல்லது கோளாறு வாரண்டிக்குள் வருவதாக முடிவான பிறகும் போட்டார்களா என்று மட்டும் பாருங்கள். என் தகராறில் நானும் இதைத் திரும்பக் கேட்கவில்லை.

பில்லைக் கையில வச்சிருக்கேன். எங்கேர்ந்து பார்க்க ஆரம்பிக்கணும்?

மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: நீங்கள் சொன்ன புகார், அவர்கள் கண்டுபிடித்த காரணம், செய்த வேலை. ஒழுங்கான ஜாப் கார்டில் இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கும். பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான் காணாமல் போயிருக்கும்.

என் பில்லில் இப்படி இருந்தது. புகார்: "டெஃப் தர எச்சரிக்கை". அதற்குக் கீழே காரணம் என்ற கட்டத்தில் "டெஃப் கெட்டுள்ளது" என்று இரண்டே சொல். வேலை: டேங்க் காலி செய்து கழுவியது, புது டெஃப், தர சென்சார் மாற்றியது, கோடு அழித்தது, நாலு வரி, நாலுக்கும் தனித்தனி கூலி. கெட்டது கரைசல் என்றால் சென்சாரை ஏன் மாற்றினார்கள்? கெட்டது சென்சார் என்றால் டேங்கை ஏன் கழுவினார்கள்? இரண்டும் சேர்ந்து கெடுவதும் நடக்கும், ஆனால் அதைச் சொல்ல இரண்டு சோதனை முடிவு வேண்டும், என் பில்லில் ஒன்றுகூட இல்லை. கரைசலில் யூரியா எத்தனை சதவீதம் வந்தது என்று சர்வீஸ் அட்வைசரிடம் கேட்டேன். உள்ளே போய்விட்டு வந்து, "சார், பார்த்தாலே தெரியும்" என்றார். டெஃப் தண்ணீர் மாதிரி நிறமே இல்லாதது, அதில் யூரியா கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த நிமிடத்தில்தான் இதை விடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

"நீங்க ஊத்துன டெஃப் மட்டம், அதனால வாரண்டி கிடையாது"ன்னு சொல்லிட்டாங்க. என்ன பண்றது?

அதிகம் வரும் கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டெஃப் கெட்டதா இல்லையா என்பது அபிப்பிராயம் இல்லை, அளக்கக்கூடிய விஷயம். ரிஃப்ராக்டோமீட்டர் என்று கையடக்கமான கருவி ஒன்று உண்டு. அதன் கண்ணாடி மேல் ஒரு சொட்டு விட்டு, மூடியை அழுத்தி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் உள்ளே ஒரு நீலப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சந்திக்கும் கோடு தெரியும், அந்தக் கோடு நிற்கும் எண்தான் யூரியா சதவீதம். ஐஎஸ்ஓ 22241 அனுமதிப்பது 31.8 முதல் 33.2 வரை. என் வீட்டில் மிச்சமிருந்த அதே கேனிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன், கோடு 32.5 பக்கத்தில் அசையாமல் நின்றது. அதையும், கேன் மேலிருந்த தயாரிப்புத் தேதியையும் படம் எடுத்து அனுப்பினேன்.

இந்தக் கருவி செறிவை மட்டும்தான் சொல்லும், டீசலோ எண்ணெயோ குழாய்த் தண்ணீர் உப்போ கலந்திருந்தால் இதில் தெரியாது. டீசல், எண்ணெய்க் கலப்புக்குத் தனிச் சோதனைத் தாள் உண்டு, மற்றதற்கு ஆய்வகம் வேண்டும். ஆகவே டீலரிடம் நீங்கள் கேட்க வேண்டியது: எந்தச் சோதனை செய்தீர்கள், என்ன எண் வந்தது, டேங்கிலிருந்து எடுத்த மாதிரி எங்கே? மாதிரியைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் உங்களுக்கும் ஒன்று தரச் சொல்லுங்கள். கழுவிக் கொட்டிய பிறகு கேட்டால் ஒன்றும் மிஞ்சாது, அதனால் வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு நுணுக்கம். எல்லா வண்டியிலும் கரைசலின் தரத்தை நேரடியாக அளக்கும் சென்சார் இல்லை. நேரடி சென்சார் இல்லாத வண்டிகளில், குறிப்பாகப் பழைய வடிவமைப்புகளில், பின்பக்க நாக்ஸ் சென்சாரின் அளவைப் பார்த்து, "மாசு குறையவில்லையே, அப்படியென்றால் கரைசல் மட்டமாகத்தான் இருக்கும்" என்று கம்ப்யூட்டர் ஊகிக்கும். அந்த நாக்ஸ் சென்சாரே பழுதென்றாலும் திரையில் தரக் குறைவு என்றுதான் வரும். பி207எஃப் என்ற தரக் கோடு வந்ததால் மட்டும் உங்கள் கேன் குற்றவாளி ஆகிவிடாது.

கம்பெனி பிராண்ட் ஊத்தலைங்கிறதுதான் காரணமாம். வேற பிராண்ட் ஊத்தினா வாரண்டி போயிடுமா?

கையேட்டைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் "ஐஎஸ்ஓ 22241க்கு உட்பட்டது" என்று தரத்தைத்தான் கேட்கும். அந்தத் தரம் கேனில் அச்சாகியிருந்து, ரசீதும் இருந்தால் நீங்கள் உங்கள் பங்கைச் செய்துவிட்டீர்கள். கரைசல்தான் பழுதுக்குக் காரணம் என்றால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு அவர்களுடையது, முந்தின பதிலில் சொன்ன எண்களை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

நீங்கள் கேனை எப்படி வைத்திருந்தீர்கள் என்றும் கேட்பார்கள். 25 டிகிரிக்குள் வைத்தால் 18 மாதம், 30 டிகிரியில் ஒரு வருடம், 35 டிகிரியில் ஆறே மாதம் என்பது கணக்கு. வெயில் விழும் இடத்தில் போன வருடக் கேனை வைத்திருந்து ஊற்றியிருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான், மறைக்காதீர்கள்.

வெள்ளையா உப்பு பூத்திருக்குன்னு போட்டோ காட்டி டேங்க் மாத்தணும்னு சொல்றாங்க

டெஃப் சொட்டிய இடத்தில் தண்ணீர் காய்ந்துவிட்டால் யூரியா வெள்ளையாகப் படியும். ஊற்றும் வாய், மூடியைச் சுற்றி இப்படி இருப்பது சாதாரணம், வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போய்விடும். அதைப் படம் எடுத்துக் காட்டி டேங்கை மாற்ற முடியாது. பம்ப் இணைப்பிலோ, ஒயர் பிளக்குக்குள்ளேயோ படிவு இருந்தால் அது கசிவு, அதில் நியாயம் உண்டு. இன்ஜெக்டர் முனையில் இருந்தால் முதலில் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும்.

படம் எந்த இடத்தில் எடுத்தது, உங்கள் வண்டிதானா என்று கேளுங்கள். வண்டி எண்ணோ சேஸிஸ் எண்ணோ தெரியும்படி ஒரு படமும் வேண்டும்.

இது எல்லோருக்கும் பயன்படும்: பல வண்டிகளில் எஞ்சினை அணைத்த பிறகும் பம்ப் சிறிது நேரம் ஓடி, குழாயில் இருக்கும் கரைசலைத் திரும்ப டேங்குக்கு இழுக்கும். அணைத்த கையோடு பேட்டரியைக் கழற்றினால் கரைசல் குழாயிலேயே நின்று காய்ந்து அடைக்கும். முந்தைய சர்வீஸில் யாராவது அப்படிச் செய்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

பி20இஇ கோடு வந்திருக்கு, கேட்டலிஸ்ட்டையே மாத்தணும்னு எஸ்டிமேட் குடுத்திருக்காங்க. தலை சுத்துது

கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கோடு "நைட்ரஜன் ஆக்சைடு குறையும் அளவு போதவில்லை" என்று மட்டும்தான் சொல்கிறது. ஏன் குறையவில்லை என்று சொல்வதில்லை. வினையூக்கி கெட்டுப்போவது கடைசிக் காரணம், விலையில் முதல் காரணம்.

அதற்கு முன் பார்க்க வேண்டியவை எனக்குத் தெரிந்த வரிசையில்: கரைசலின் செறிவு. புகைக்குழாயில் கசிவு, ஏனென்றால் நாக்ஸ் சென்சாருக்கு முன்னால் சின்ன ஓட்டை இருந்தாலும் காற்று புகுந்து அளவைக் கெடுக்கும். பம்ப் அழுத்தம், பல கார்களில் இது சுமார் 5 பார், பி20இ8 என்ற கோடும் கூடவே இருந்தால் அழுத்தம் குறைவு என்று பொருள். பிறகு இன்ஜெக்டரைக் கழற்றி அளவுக் குவளையில் வைத்து, ஸ்கேனரில் பீய்ச்சச் சொல்லி, எத்தனை மில்லி விழுந்தது என்று கையேட்டு அளவோடு ஒப்பிடுவது. பிறகு இரண்டு நாக்ஸ் சென்சார்களையும் ஒப்பிடுவது: டெஃப் பீய்ச்சாத நேரத்தில் முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும், எக்கச்சக்கமாக வேறுபட்டால் சென்சார் மேல்தான் சந்தேகம். இதெல்லாம் சரியாக வந்து, அதற்கப்புறமும் மாசு குறையவில்லை என்றால் வினையூக்கியைப் பேசலாம். இந்த ஐந்தின் அளவுகளையும் எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்த வரைக்கும், இப்படிக் கேட்டதுமே பாதி எஸ்டிமேட்டுகள் சுருங்கிவிடும்.

உங்களிடமும் ஒரு ஆதாரம் இருக்கலாம். கடைசியாக டெஃப் ஊற்றிய தேதியும் ஓடிய தூரமும் தெரிந்தால் செலவு எவ்வளவு என்று கணக்கு வரும். திடீரென்று டெஃப் செலவாவதே நின்றிருந்தால் பீய்ச்சவே இல்லை என்று அர்த்தம், கோளாறு பம்ப் அல்லது இன்ஜெக்டர் பக்கம்.

சென்சார் மாத்தினாங்க, மூணு நாள்ல அதே வார்னிங். இப்ப பம்ப்ங்கிறாங்க. முதல் பில்லைத் திரும்பக் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம், இதுதான் இருப்பதிலேயே வலுவான தகராறு. அதே கோடு திரும்பி வந்தால் முதலில் மாற்றிய பாகம் காரணம் இல்லை என்பதை அவர்கள் வேலையே காட்டிவிட்டது. இரண்டு தடவையும் கோடுகளும், கோடு விழுந்த நொடியின் அளவுகளைப் பதிந்து வைக்கும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் பிரிண்ட்டாக வாங்கி அருகருகே வையுங்கள். கோடு ஒன்றே என்றால், "முதல் வேலைக்கான தொகையை இரண்டாவது பில்லில் கழியுங்கள்" என்று கேளுங்கள். முழுப் பணத்தையும் கையில் கொடு என்பதை விட இது சீக்கிரம் நடக்கும்.

வேறு கோடு வந்திருந்தால் கதை வேறு. உண்மையிலேயே இரண்டாவது பாகமும் போயிருக்கலாம், அவசரப்பட்டுச் சண்டைக்குப் போக வேண்டாம்.

வாரண்டி முடிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. அவ்வளவுதானா?

மூன்று கதவு இருக்கிறது. ஒன்று, மாசுக்கட்டுப்பாட்டுப் பாகங்களுக்குச் சில நாடுகளில் சாதாரண வாரண்டியை விட நீண்ட தனி வாரண்டி உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சி விதியில் இலகு ரக வண்டிகளின் வினையூக்கிக்கும் மாசுக்கட்டுப்பாட்டு கம்ப்யூட்டருக்கும் 8 வருடம் அல்லது 80,000 மைல். உங்கள் நாட்டில் எப்படி என்பது வாரண்டிப் புத்தகத்தின் பின் பக்கங்களில் தனித் தலைப்பாக இருக்கும், யாரும் புரட்டுவதில்லை. இரண்டு, தயாரிப்பாளர் சில மாடல்களின் டெஃப் டேங்க், நாக்ஸ் சென்சார்களுக்கு வாரண்டியை நீட்டியோ சர்வீஸ் அறிவிப்பு விட்டோ இருக்கலாம், சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடமே கேளுங்கள், டீலரிடம் மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள்.

மூன்றாவதுதான் பலருக்குக் கைகொடுத்தது. இதே புகாரை வாரண்டிக்குள் இருந்தபோதே ஒரு முறை சொல்லி, அவர்கள் கோடை அழித்து அனுப்பியிருந்தால், கோளாறு தொடங்கிய தேதி அதுதான். பழைய ஜாப் கார்டுகளைத் தேடுங்கள்.

என்னைக் கேட்காமலேயே வேலையை முடிச்சுட்டாங்க

எஸ்டிமேட்டில் எதற்குச் சம்மதம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். "சோதித்துச் சொல்லவும்" என்பதற்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் அது சோதனைக்கான சம்மதம் மட்டும்தான். ஆனால் சில ஜாப் கார்டுகளில் பின்பக்கம் பொடி எழுத்தில் "தேவையான வேலைகளைச் செய்யலாம்" என்று இருக்கும், அதையும் படியுங்கள். போனில் "சரி, பண்ணுங்க" என்று சொல்லியிருந்தால் சொல்லவில்லை என்று வாதாடாதீர்கள், என்ன தொகை சொன்னார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காசு கட்டினாத்தான் வண்டி தருவேங்கிறாங்க. கட்டிட்டா ஒத்துக்கிட்டதா ஆயிடுமா?

கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை பல நாடுகளில் பட்டறைகளுக்கு உண்டு, நாளாக ஆக நிறுத்தக் கட்டணம் வேறு ஏறும். வண்டி வேண்டும் என்றால் கட்டுங்கள், ஆனால் பில்லிலேயே "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது, காரணம் கடிதத்தில்" என்று எழுதி, தேதி போட்டு, அவர்கள் நகலிலும் எழுதச் சொல்லுங்கள். எழுத விடவில்லை என்றால் அங்கேயே நின்று அதே வரியை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு அப்புறம் கட்டுங்கள். "வேலை திருப்தி" என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், நான் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் போட்டேன்.

கார்டுல கட்டிட்டேன். பேங்க்ல சொல்லிப் பணத்தை நிறுத்திடலாமா?

கேட்கலாம், காலக்கெடு உண்டு, அதை முதலில் வங்கியிடம் தெரிந்துகொள்ளுங்கள். வங்கிக்கு டெஃப் புரியாது. "சோதிக்காமல் மாற்றினார்கள்" என்று எழுதினால் எடுபடாது. சம்மதம் கொடுத்த தொகைக்கு மேல் பில், பில்லில் உள்ள வேலை நடக்கவில்லை, அதே கோளாறு மூன்று நாளில் திரும்பியது என்று தாளில் காட்டக்கூடியதை மட்டும் எழுதுங்கள். தகராறுக்குரிய வரிகளின் தொகையை மட்டும் கேளுங்கள். டீலரிடம் எழுத்தில் கேட்டுப் பார்த்த பிறகு இதற்குப் போவது நல்லது, முதலில் அங்கே கேட்டீர்களா என்று வங்கியும் கேட்கும்.

யாருக்கு எழுதுறது, எப்படி எழுதுறது? எனக்குக் கோபத்துல வார்த்தையே வரலை

முதலில் சர்வீஸ் மேனேஜர், ஒரு வாரம் பார்த்துவிட்டு டீலர்ஷிப் உரிமையாளர், கூடவே தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவு, கடைசியில் உங்கள் ஊர் நுகர்வோர் அமைப்பு அல்லது நீதிமன்றம். ஒவ்வொரு படியிலும் முந்தின கடிதத்தை இணையுங்கள். கோபம் நியாயமானது, ஆனால் கடிதத்தில் அது வேலைக்கு ஆகாது.

என் கடிதம் ஏறக்குறைய இப்படி இருந்தது, தேவையானால் எடுத்துக்கொள்ளுங்கள்: "இந்தத் தேதியில், இந்த ஜாப் கார்டில், டெஃப் தர எச்சரிக்கைக்காக வண்டியை விட்டேன். காரணம் 'டெஃப் கெட்டுள்ளது' என்று பதிந்திருக்கிறீர்கள். செறிவோ கலப்போ அளந்த எண் எதுவும் பில்லில் இல்லை. அதே கேனின் மிச்சம் 32.5 சதவீதம் காட்டுகிறது, படம் இணைப்பில். சென்சார் பழுது என்பதற்கான சோதனை முடிவும் இல்லை. சோதனைக் கூலியை ஏற்கிறேன். டேங்க் கழுவியது, சென்சார், அதன் கூலி ஆகிய மூன்று வரிகளின் தொகையைத் திருப்பித் தரவும், அல்லது சோதனை முடிவுகளைப் பத்து நாளுக்குள் அனுப்பவும்." முதல் கடிதத்துக்குப் பதிலே இல்லை. தயாரிப்பாளருக்கு நகல் போன பிறகுதான் போன் வந்தது.

பழைய பார்ட்ஸைக் கேட்டா, அது கம்பெனிக்குப் போயிடுச்சுங்கிறாங்க

வாரண்டியில் மாற்றியதும், பழையதைக் கொடுத்துப் புதிது வாங்கும் பாகங்களும் உண்மையிலேயே திரும்பப் போகும். நீங்கள் முழு விலை கொடுத்திருந்தால் பழையது உங்களுடையது. வேலை தொடங்கும் முன்பே "பழைய பாகங்கள் எனக்கு வேண்டும்" என்று ஜாப் கார்டில் எழுதிவிட்டால் இந்தப் பேச்சே வராது. போய்விட்டது என்றால் புதிய பாகத்தின் எண்ணையாவது வாங்கி, வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள்.

டெஃப் டேங்க்ல தெரியாம டீசல் ஊத்திட்டேன். முழு சிஸ்டத்தையும் மாத்தணுமாம். இதை மறுக்க முடியுமா?

இதில் தப்பு நம் பக்கம், வாரண்டி கிடைக்காது, மறுக்கவும் வேண்டாம். டீசல் பட்டால் பம்ப்பில் உள்ள ரப்பர் சீல்கள் ஊறிக் கெடும், வினையூக்கி வரை போனால் அதுவும் போகும். ஆனால் எதுவரை போனது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இக்னிஷனே போடாமல் இழுத்து வந்திருந்தால் டேங்கைக் காலி செய்து கழுவினால் போதுமானதாக இருக்கலாம். ஓட்டியிருந்தால், பம்ப்பைத் தாண்டி இன்ஜெக்டர் வரை டீசல் போனதா என்று சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். வாகனக் காப்பீட்டில் தவறான எரிபொருளுக்குப் பாதுகாப்பு இருந்தால் அதில் இதுவும் அடங்குமா என்று பாருங்கள். டீசல் டேங்கில் டெஃப் ஊற்றியது என்றால் அது இன்னும் மோசம், வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துப் போங்கள்.

இவ்வளவு ரோதனை எதுக்கு, டெஃப்பையே சாஃப்ட்வேர்ல அணைச்சுத் தரேன்னு ஒருத்தர் சொல்றாரு

வேண்டாம். பல நாடுகளில் சட்டவிரோதம், வாரண்டி முழுக்கப் போகும், புகைச் சோதனையில் மாட்டும். அதை விடவும் எனக்குப் பெரியது, அந்த நைட்ரஜன் ஆக்சைடை நம் பின்னால் வருகிறவர்கள்தான் சுவாசிக்கிறார்கள். தவிர, தகராறு நடக்கும்போது இதைச் செய்தால் உங்கள் கேஸ் அன்றோடு முடிந்தது.

எல்லாம் படிச்சேன். ஆனா டீலர் சோதனை ரிப்போர்ட் எல்லாம் குடுத்துட்டாங்க, எண்ணும் சரியாத்தான் இருக்கு. இப்ப என்ன பண்றது?

அப்படியென்றால் அவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள், கட்டிவிடுங்கள். விலை மட்டும் அதிகமாகத் தெரிந்தால் பாக எண்ணை வைத்து வெளியே விலை கேளுங்கள், கூலி மணி நேரம் தயாரிப்பாளர் குறித்த நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேளுங்கள், வாரண்டி முடிந்து சில வாரம்தான் என்றால் நல்லெண்ண அடிப்படையில் பாதியாவது ஏற்கச் சொல்லித் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். சென்ற மாதம் ஒருவர் அனுப்பிய பில்லில் பம்ப் அழுத்தம், குவளையில் விழுந்த மில்லி, இரண்டு நாக்ஸ் சென்சார்களின் அளவு எல்லாமே பிரிண்ட்டாக இணைத்திருந்தது, பழைய இன்ஜெக்டரையும் பையில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கட்டிவிட்டு, அடுத்த சர்வீஸுக்கும் அங்கேயே போங்கள் என்றேன்.